சுண்டல் தண்ணீரில் மக்ரூன்!

கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரை இனி யாராவது என் கண்ணெதிரே சிங்க்கில் கொட்டப் போனால் கையைப் பிடித்துக்கொள்வேன். அந்தப் பழுப்புத் தண்ணீரில் தூத்துக்குடி மக்ரூன் சுட்டிருக்கிறேன், ஐயா!

மக்ரூனில் இருப்பதே வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி மூன்றுதான். அதனால் முட்டை தொடாத என் மாமியாருக்கு அது அடுத்தவர் தின்னப் பார்க்கும் பண்டமாகவே இருந்தது. இப்போது டப்பாவை அவரிடமிருந்து ஒளித்து வைக்க வேண்டியிருக்கிறது.

வெள்ளைக் கடலையை ராத்திரி ஊறப்போடுங்கள். ஊறிய தண்ணீர் வேண்டாம், கொட்டிவிடலாம். புதுத் தண்ணீரில் உப்பில்லாமல் வேகவைத்து, வடித்ததைச் சிறு தீயில் வற்றவிடுங்கள். வெள்ளைக்கரு மாதிரி வழவழவென்று வந்தால் பதம். ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிர்ந்ததும் பீட்டரை ஓட்டுங்கள். முதலில் வெறும் சோப்பு நுரைதான், மனம் தளராதீர்கள். சர்க்கரைப் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கச் சேர்க்க, வெள்ளை வெளேரென்று கெட்டிப்பட்டு, பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாமல் நிற்கும் பாருங்கள், அடடா!

கடலையிலிருந்து இறங்கும் புரதமும் சபோனினும்தான் காற்றைப் பிடித்து வைக்கின்றன. 2014-ல் இந்த நுரையைக் கண்டு சொன்னவர் ஜோயல் ரோசெல் என்ற பிரெஞ்சுப் பாடகர். மறு ஆண்டே கூஸ் வோல்ட் என்ற அமெரிக்க மென்பொருள்காரர் இதோடு சர்க்கரை மட்டும் சேர்த்து மெரிங் செய்து, அக்வாஃபாபா என்று பெயரும் வைத்துவிட்டார். நவராத்திரி தவறாமல் சுண்டல் கிண்டும் நாம் எப்படிக் கோட்டைவிட்டோமோ!

ஒன்று மட்டும் கவனம். முட்டை சூட்டில் இறுகும், இது இறுகாது; ஈரம் காய்ந்துதான் மொறுமொறுப்பாகும். அதனால் ஓவன் 100 டிகிரியைத் தாண்ட வேண்டாம், ஒன்றரை மணி நேரமாவது ஆகட்டும், ஆறும்வரை உள்ளேயே இருக்கட்டும். முந்திரியின் எண்ணெய் நுரையை அமுக்கிவிடும் என்பதால் அந்தப் பொடியைக் கடைசியில் பூப்போலக் கலக்க வேண்டும். வெந்தபின் கடலை வாசம் துளிக்கூட இல்லை, சத்தியமாக!

பிரவுனி, வாழைப்பழ கேக்குக்கு என் ஓட்டு ஆளிவிதைக்கு. ஒரு முட்டைக்குப் பதில் ஒரு மேசைக்கரண்டி பொடி, மூன்று மேசைக்கரண்டி தண்ணீர், பத்து நிமிடம் ஊறல். பிடிப்பு பிரமாதம், ஆனால் நுரைக்காது.

வெந்த கடலையா? கடுகு, மிளகாய் தாளித்து, உப்பை இப்போது போட்டு, தேங்காய் தூவினால் சாயங்காலச் சுண்டல் தயார்.