மாடல் டி காருக்கு மர வில் வளைத்தோம்!

பழைய காரைப் புதுப்பிக்கிறவர்கள் கூடினால் இன்ஜின் பேச்சுதான். கார்புரேட்டர், மேக்னெட்டோ, பிஸ்டன் ரிங் என்று பொழுது போவதே தெரியாது. நானும் விடிய விடியப் பேசியிருக்கிறேன். ஆனால் டூரிங் காரின் மடக்குக் கூரைக்கு மர வில் வளைத்துப் பார்த்த பிறகு அடித்துச் சொல்கிறேன்: அந்தக் காரில் அதைவிட ஆனந்தமான வேலை வேறு கிடையாது.

எங்கள் வண்டி ஃபோர்டு மாடல் டி டூரிங். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் செய்த மாடல். வலப்பக்க ஸ்டீயரிங் வைத்து இந்தியாவுக்கு வந்த மாடல் டி வண்டிகள் கனடா ஃபோர்டு ஆலையில் பிறந்தவை. டூரிங் வண்டிக்கு நிரந்தரக் கூரை இல்லை, பக்கக் கண்ணாடியும் இல்லை. மேலே துணி, அதைத் தாங்க வரிசையாக மர வில்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு வில்லும் ஒரு பக்கம் எழும்பி, தலைக்கு மேல் படர்ந்து, மறுபக்கம் இறங்கும். இரண்டு கால்களும் இரும்புச் சாக்கெட்டில் செருகியிருக்கும். வெயில் தாழ்ந்ததும் மொத்தத்தையும் பின்னால் மடக்கிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு போகலாம்.

எங்களுக்கு வண்டி வந்தபோது பின்கோடி வில் ஒன்றுதான் அசல். மற்ற இடங்களில் முன்பு யாரோ தண்ணீர்க் குழாயை வளைத்து வெல்டு வைத்திருந்தார்கள். குழாயில் ஆணி இறங்குமா? துணியைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். மரம் அங்கே இருப்பதற்குக் காரணமே ஆணிதான்! கூரைத் துணியைச் சின்னச் சின்ன ஆணிகளால் வில்லில் அறைந்துதான் இழுத்துக் கட்ட வேண்டும். அந்த ஆணியை இறுகப் பிடிக்கவும் வேண்டும், குலுங்கும்போது கொஞ்சம் கொடுத்து வாங்கவும் வேண்டும். இரண்டையும் மரம்தான் செய்யும்.

அசல் வில் ஆஷ் மரம். அமெரிக்காவில் கருவிக் காம்புகளுக்கும் பேஸ்பால் மட்டைக்கும் போகிற மரம். நீண்ட நார், நல்ல துள்ளல். தேக்கு உயர்ந்த மரம்தான், ஆனால் இவ்வளவு இறுக்கமான வளைவுக்கு நான் அதை நம்ப மாட்டேன். நாங்கள் எடுத்தது முசுக்கட்டை, அதாவது மல்பெரி. நம் நாட்டில் ஹாக்கி மட்டையை வளைத்தெடுத்த மரமாயிற்றே, மறுபேச்சில்லாமல் தேர்ந்தெடுத்தோம்! கணு இருக்கக் கூடாது. ரேகை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நேராக ஓட வேண்டும். குறுக்கே வெளியேறினால் வளைக்கும்போது அந்த இடத்தில்தான் பிளக்கும். சூளையில் உலர்த்திய கட்டை சரிப்படாது. காற்றில் உலர்ந்து, உள்ளே இன்னும் ஈரம் மிச்சமிருக்கிற கட்டைதான் வளையும்.

நீளமான பலகைப் பெட்டி ஒன்று செய்து, அடியில் கொதிக்கும் தண்ணீரிலிருந்து ஆவியை விட்டோம். ஒரு அங்குலத் தடிமனுக்குச் சுமார் 1 மணி நேரம் வேக வேண்டும் என்பது கணக்கு. மரத்தின் நார்களை ஒட்டவைத்திருக்கிற லிக்னின் சூட்டில் இளகுகிறது. இளகிய மரம் நசுங்கச் சம்மதிக்கும், நீளச் சம்மதிக்காது. நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு நீண்டாலே கிழிந்துவிடும். அதனால் வளைவின் வெளிப்புறத்தில் ஒரு எஃகுப் பட்டையைக் கொடுத்து, இரு முனையிலும் கட்டை வைத்து இறுக்க வேண்டும். வெளிப்புறம் நீள வழியில்லை, உட்புறம் நசுங்கி வளைகிறது. 19-ஆம் நூற்றாண்டில் மிக்கேல் தோனெட் தன் புகழ்பெற்ற வளைமர நாற்காலிகளை இந்த உபாயத்தால்தான் செய்தார். என்ன மூளை!

பெட்டியைத் திறந்த பிறகு தாமதிக்கக் கூடாது. எங்களோடு வேலை செய்த ஆசாரி அண்ணன் தடித்த கையுறையோடு கட்டையை உருவினார். "தம்பி, இழுக்காதே, கூடவே நட!" என்றார். வில்லின் வடிவில் செய்திருந்த அச்சைச் சுற்றி இருவரும் ஆளுக்கொரு முனையோடு நடந்தோம். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவ்வளவு விறைப்பான கட்டை பச்சைப் பிரம்பு மாதிரி கைக்குள் மடங்கி வந்தது. வளைவில் விரலால் தடவிப் பார்த்தேன், ஒரு சிராய்ப்பு இல்லை, ஒரு விரிசல் இல்லை! அந்த மகிழ்ச்சியை எந்த இன்ஜின் உயிர்பெற்ற சத்தமும் எனக்குத் தந்ததில்லை.

அச்சிலிருந்து எடுத்தால் வில் கொஞ்சம் விரியும். அதனால் வேண்டியதைவிடச் சற்று இறுக்கியே வளைத்து, கால்களுக்குக் குறுக்கே ஒரு ரீப்பர் அடித்து உலர விட வேண்டும். நடுமுதுகில் லேசான மேடு இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மழைநீர் துணியில் குளம் கட்டும். பிறகு இழைப்பு, உப்புத்தாள், காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய். வில்களுக்கு இடையிலான தூரத்தை முதலில் நாடாவால் கட்டி நிறுத்திவிட்டு, அதன் பிறகே துணியில் கைவைக்க வேண்டும்.

இந்தக் கூரை குதிரை வண்டியிலிருந்து வந்தது என்பது எனக்குக் கூடுதல் பெருமை. சென்னையில் 1840-இல் தொடங்கிய சிம்சன் கம்பெனியும் கோச்சு வண்டி கட்டித்தான் பெயர் வாங்கியது. 1923 மாடலில் ஃபோர்டு 'ஒன் மேன் டாப்' கொண்டுவந்து, ஒரே ஆள் கூரையைத் தூக்கும்படி செய்தது. அதற்கு முந்தைய கூரைக்கு இரண்டு பேர் வேண்டும். எங்களுடையது அந்த ரகம். நண்பர்கள் வீட்டுக்கு வந்தால் மடக்கவும் விரிக்கவும் நானே அழைக்கிறேன்.

உங்களிடம் டூரிங் கார் இருந்து, கூரைக்குள் குழாய் இருந்தால், புதுத் துணி தைப்பதற்கு முன் அதைக் கழற்றிவிடுங்கள். அசல் வில் ஒன்றாவது மிஞ்சியிருந்தால், உளுத்ததாக இருந்தாலும் விறகில் போட்டுவிடாதீர்கள். வளைவின் அளவு அதில்தான் இருக்கிறது.