அடைத்த கதவும் எழுதிய கையும்

வீட்டினுள் இருத்தல் வேறு. வீட்டினுள் இருத்தப்படுதல் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியாதவரை, நான்கு சுவர்களுக்குள்ளிருந்து பிறந்த இலக்கியத்தை நாம் நேர்மையாக எடைபோட முடியாது. இந்த வேறுபாட்டை மதரஸாவில் ஓதிய காலத்தில் நாம் உணர்ந்தோமில்லை. உணர்த்தியது 2020ஆம் ஆண்டின் ரமலான் மாதம்.

அவ்வாண்டு மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. அல்லிநகரத்தில் பாங்கொலி வழக்கம்போல் எழுந்தது. தொழச் செல்லத்தான் வழியில்லை. ஜும்ஆ நின்றது. தராவீஹ் வீட்டுக் கூடத்துக்கு வந்தது. பள்ளிவாசலில் காய்ச்சிப் பகிரும் நோன்புக் கஞ்சி, அரிசியாக வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பெருநாளன்றும் வெளியே சென்று தோள்சேர்ந்து தொழவும் தழுவி வாழ்த்தவும் இயலவில்லை.

முதல் வாரம் இதமாகவே கழிந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சஹருக்கு முன் சிறிது ஓதல், சுப்ஹுக்குப் பின் கிதாபு, லுஹருக்குப் பின் உறக்கம், அஸருக்குப் பின் மாடியில் நின்று மேற்குமலையைப் பார்த்தல் என்று நாளை நாமே அழகாக வகுத்துக்கொண்டோம். ஓய்வு என்னும் அருட்கொடை கிடைத்துவிட்டதாக மகிழ்ந்தோம். மூன்றாம் வாரத்தில் அந்த ஒழுங்கே நம்மை அழுத்தத் தொடங்கியது. தெருவில் நான்கு பேரைப் பார்த்துச் சலாம் சொல்லாத நாள், நாளாகவே தோன்றவில்லை. அந்தச் சலிப்பை ஒருநாள் வாய்விட்டுச் சொன்னபோது, நோன்பு திறக்க வெங்காயம் அரிந்துகொண்டிருந்த நம் இல்லத்தார் தலைநிமிராமலே சொன்னார்: “உங்களுக்கு இது ஒரு மாசங்க. எங்களுக்கு எப்பவும் இதுதானே?”

அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை. அன்றிரவு அலமாரியிலிருந்து இரு நூல்களை எடுத்தோம். ஒன்று, ஓதிய காலத்தில் பகுதி பகுதியாகப் படித்த அபுல் அலா அல்மஅர்ரியின் ‘லுஸூமிய்யாத்’. மற்றொன்று, நம் மகள் வாங்கி வைத்திருந்ததும், நாம் ஒரு பக்கமும் புரட்டாமலே பலர் முன்னிலையில் குறைகூறியதுமான கவிஞர் சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’. ஆயிரம் ஆண்டுகளால் பிரிந்துள்ள இவ்விரு நூல்களையும் ஓரிடத்தில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இரண்டுமே அடைத்த கதவுக்குள் உருவானவை.

அல்மஅர்ரி 973ஆம் ஆண்டு சிரியா நாட்டின் மஅர்ரத்துந் நுஃமான் என்னும் ஊரில் பிறந்தவர். நான்கு வயதளவில் பெரியம்மை கண்ணொளியைப் பறித்தது. 1008இல் கல்வியின் தலைநகராகிய பக்தாது சென்றார். ஒன்றரை ஆண்டு அங்கே தங்கிவிட்டு, 1010இல் ஊர் திரும்புவதற்குள் தாயார் காலமாகிவிட்டார். அதன்பின் வீட்டைவிட்டு வெளிவருவதில்லை என முடிவுசெய்து, 1057இல் இறக்கும்வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு அவ்வீட்டிலேயே வாழ்ந்தார். பார்வையின்மை ஒரு சிறை, வீடு ஒரு சிறை. ஆகவே ‘இரு சிறைகளின் கைதி’ என்று பெயர் பெற்றார். ஊன் உண்ணவில்லை; பருப்பும் அத்திப்பழமுமே உணவு.

அவருடைய நடையும் அந்த வாழ்வைப் போன்றதே. அறபு யாப்பில் அடிதோறும் இறுதியில் ஓர் எழுத்து ஒன்றிவந்தால் போதும். அவரோ அதற்கு முந்திய எழுத்தும் ஒன்றவேண்டும் எனத் தமக்குத்தாமே விதித்துக்கொண்டார். தமிழில் எதுகைக்கு இரண்டாமெழுத்து ஒன்றினால் போதும் என்றிருக்க, ஒரு புலவர் மூன்றாமெழுத்தும் ஒன்றவேண்டுமெனப் பிடிவாதம் கொண்டு ஒரு நூல் முழுவதும் பாடியதற்கு இதை ஒப்பிடலாம். கட்டாயமில்லாததைக் கட்டாயமாக்கிக் கொள்ளுதல் என்பதே அந்நூற்பெயரின் பொருள். அவருடைய கொள்கைகள் சிலவற்றை உலமாப் பெருமக்கள் கடுமையாக மறுத்துள்ளனர். நாமும் அவற்றை ஏற்பவரல்லோம். அவருடைய கலைத்திறத்தை மறுத்தவர் மிகச் சிலரே. வீட்டைவிட்டு நகராத அந்த மனிதர், ‘ரிஸாலத்துல் குஃப்ரான்’ என்னும் நூலில் சொர்க்கத்தையும் நரகத்தையும் சுற்றிவரும் பயணத்தைக் கற்பனையில் எழுதிக் காட்டினார்.

இளமையில் இவ்வரலாற்றைக் கேட்டபோது நாம் வியந்தோம். ஊரடங்கு நாள்களில் மீண்டும் நினைத்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. அவர் வீட்டுக் கதவு உள்ளிருந்து அடைக்கப்பட்டது. வெளியிலிருப்போர்க்குத் திறந்தே இருந்தது. 1047இல் அவ்வழியே சென்ற பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரு, இருநூறு பேருக்கு மேல் அவரிடம் கற்க வந்திருந்ததாக எழுதுகிறார். அவர் சொல்லச் சொல்ல எழுதியவர்கள் இருந்தனர். அவருடைய ஆண்டு வருவாய் முப்பது தீனார் என்றும், அதில் பாதி பணியாளுக்குச் சென்றது என்றும் வரலாறு கூறுகிறது. அந்தப் பருப்பை வேகவைத்த கைக்கு நூல்களில் பெயரில்லை.

நம் ஹனபி மத்ஹபின் பேரறிஞர் இமாம் ஸரக்ஸீயின் நிலை இதனினும் கொடியது. 11ஆம் நூற்றாண்டில், ஆட்சியாளரின் சினத்துக்கு ஆளாகி, உஸ்கந்து என்னும் ஊரில் நிலத்தடிக் குழியொன்றில் அடைக்கப்பட்டார். மேலே விளிம்பில் மாணவர்கள் அமர்ந்திருக்க, கீழேயிருந்து நினைவாற்றலைக் கொண்டே அவர் சொல்ல, ‘அல்மப்ஸூத்’ என்னும் பெருநூலின் பெரும்பகுதி உருவாயிற்று. இன்று அது முப்பது பாகங்களாக அச்சில் உள்ளது. இச்செய்தியை நம் மாணவர்களிடம் பெருமிதத்தோடு சொல்லி வருகிறோம். சிறையிலும் அவருக்குக் கேட்கும் செவிகளும் எழுதும் கைகளும் மறுக்கப்படவில்லை என்பதை மட்டும் சேர்த்துச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

இனி, தமிழகத்துக்கு வருவோம். நம் இல்லங்களுக்குள்ளிருந்து எழுதிய பெண்ணை நினைக்கும்போது முதலில் நிற்பவர் நாகூர் சித்தி ஜுனைதா பேகம். 1917இல் பிறந்த அவருக்குப் பள்ளிப்படிப்பு மூன்றாம் வகுப்பளவே. இளமையிலேயே மணமாகி, இளமையிலேயே கணவரை இழந்தவர். அவருடைய ‘காதலா? கடமையா?’ என்னும் நாவல் 1938இல் உ.வே.சாமிநாதையரின் முன்னுரையோடு வெளிவந்தது. அக்கதை அரியணை, அரசகுலம் ஆகியவற்றைச் சுற்றியது. நாகூர்த் தெருவின் வீட்டுக்குள்ளிருந்தவர் கற்பனையை அரண்மனைக்கு அனுப்பினார். அன்று ஒரு முஸ்லிம் பெண் தன் பெயரால் நாவல் வெளியிட்டதே பெருந்துணிவு. தன் வீட்டையே எழுதும் காலம் இன்னும் வரவில்லை.

அக்காலம் 2004இல் வந்தது. திருச்சி மாவட்டத்துத் துவரங்குறிச்சியில் 1968இல் பிறந்த சல்மா, பதின்மூன்று வயதளவில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டினுள் இருத்தப்பட்டார். மளிகை மடித்துவந்த காகிதத் துண்டுகளும் அவருக்கு நூலகமாயின. மணமான பின்னரும் வெளிப்படையாக எழுத இயலாமல், இரவில் கழிப்பறைக்குள் நின்று எழுதினார் என்பதை அவரே சொல்லியிருக்கிறார். எழுதியவை தாயாரின் கைவழியே மறைவாக வெளியே சென்றன. ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ என்னும் கவிதைத் தொகுதி 2000இல் வந்தது. நாவல் 2004இல் வந்தது. 2009இல் லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராம் அதனை ஆங்கிலமாக்கினார். 2001இல் பொன்னம்பட்டிப் பேரூராட்சியின் தலைவரான அவர், 2025இல் மாநிலங்களவை உறுப்பினராகியுள்ளார்.

நாவலுக்குள் என்ன இருக்கிறது? சமையற்கட்டு, முற்றம், நோன்பு, திருமணம், மரணம், பிள்ளைப்பேறு. இவற்றினூடே ஓயாத பெண்களின் பேச்சு. ராபியா என்னும் சிறுமி ஓடியாடித் திரிகிறாள். அவளுக்கும் கதவு மெல்ல மெல்ல அடைபடுவதை நாம் காண்கிறோம். வஹிதா மணவாழ்வுக்குள் சென்று, அங்கே தன் விருப்பத்துக்கு இடமில்லை எனக் கண்டுகொள்கிறாள். பிர்தவ்ஸ், பிடிக்காத கணவனை முதலிரவிலேயே மறுத்துத் தாய்வீடு திரும்புகிறாள். அதன் விலையை உயிரால் கொடுக்கிறாள். பெருநிகழ்ச்சிகளைவிட, ஒரு நாள் மறுநாளைப் போலவே விடிவதுதான் இக்கதையின் நடை. வாக்கியங்கள் நீண்டு, ஓரிடத்தையே சுற்றி வருகின்றன. கூடத்துக்கும் கொல்லைக்குமாக நாளெல்லாம் நடப்பவரின் நடை அது. உரையாடல் நம் வீடுகளில் கேட்கும் அதே பேச்சு. அச்சில் காணும்போது, கதவிடுக்கில் ஒட்டுக்கேட்டது போன்ற கூச்சம் நமக்கு உண்டாயிற்று.

அந்தக் கூச்சத்தையே பலர் நூலின் குற்றமாக்கினர். நாமும் ஆக்கினோம். படித்தபின் அக்குற்றச்சாட்டில் பாதி நம்மைப் பற்றியது என உணர்ந்தோம். இந்நூலில் பெண்கள் தம்முள் பேசிக்கொள்ளும் சில பேச்சுகள் நாணத்தின் எல்லையைக் கடப்பதாக இன்றும் கருதுகிறோம். ஆயினும் வேறு உலகமே காட்டப்படாதவர்க்கு, உடலும் உறவும் தவிரப் பேச வேறென்ன இருந்தது என்று கேட்டுக்கொள்ளும் கடமை நமக்கு உண்டு. அல்மஅர்ரி வேண்டாத தளையைத் தேடி அணிந்தார். ஆகவே அதை அணியாக ஆள முடிந்தது. சல்மா பிறர் பூட்டிய தளையின் ஓசையைக் கேட்டு எழுதினார். முன்னதில் நாம் நுட்பத்தைக் காண்கிறோம். பின்னதில் நோவைக் காண்கிறோம். நுட்பத்துக்குரிய அளவுகோலால் நோவை அளந்தது நம் பிழை.

நூலில் நமக்கு ஒரு குறையும் தோன்றுகிறது. வீட்டினுள் இருக்கும் நம் பெண்களுக்குத் தொழுகையும் ஓதலும் தரும் ஆறுதல் பெரிது. சஹர் வேளையில் அடுப்பு மூட்டுமுன் ஸலவாத் ஓதும் குரலை நாம் வாழ்நாள் முழுதும் கேட்டு வளர்ந்தோம். இந்நாவலில் மார்க்கம் பெரும்பாலும் தடுக்கும் குரலாகவே ஒலிக்கிறது. தேற்றும் குரலாக அரிதாகவே கேட்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் நம் வீடு முழுமையாகும். ஆனால் இக்குறையை நிரப்பவேண்டியவர் யார்? தடுக்கும் குரலையே பெண்பிள்ளைகளின் செவியில் மிகுதியாக ஒலிக்கவிட்ட நம்போன்ற ஆசிரியர்களுக்கு, அதை நூலாசிரியரிடம் மட்டும் கேட்கும் உரிமை குறைவே.

மார்க்கம் தனித்திருத்தலைப் போற்றுகிறது என்பர் சிலர். உண்மைதான். ரமலானின் இறுதிப் பத்தில் இஃதிகாஃப் இருக்கிறோம். நம் மத்ஹபில் பெண்கள் வீட்டில் தொழுவதற்கென ஒதுக்கிய இடத்தில் அதை நிறைவேற்றுவர். ஆனால் இஃதிகாஃபுக்கு நிய்யத் வேண்டும். ரமலானின் அந்த இஃதிகாஃப் பெருநாள் பிறை கண்டதும் நிறைவுறும். தானே எண்ணி நுழைவதும், முடியும் நாள் தெரிந்திருப்பதுமே அத்தனிமையை இனிதாக்குகின்றன. அவ்விரண்டும் இல்லாத அடைப்புக்கு வணக்கத்தின் பெயரைச் சூட்டுதல் முறையன்று. “ஓதுவீராக” என்னும் கட்டளையோடு இறங்கத் தொடங்கிய வேதத்தை உடைய சமுதாயத்தில், ஒரு சிறுமி மளிகைக் காகிதத்தைப் பிரித்துப் படிக்கும் நிலை வந்தது எதனால் என்பதே இந்நூல் நம்முன் வைக்கும் வினா.

வேறொரு தவற்றையும் தவிர்க்க வேண்டும். அடைத்துவைத்ததனால்தானே இத்தகைய எழுத்து கிடைத்தது என்று சுவருக்கு நன்றி சொல்லும் வாசகரும் உளர். ஸரக்ஸீயின் நூலுக்காக அந்தக் குழியைப் புகழ்வார் எவருமிலர். அடைபட்ட பெண்களுள் எழுதி வெளிவந்தவர் ஒருசிலர். எழுதாமலே மறைந்தவர் தொகையை எந்த நூற்பட்டியலும் தராது.

அவ்வாண்டு பள்ளிவாசல் மீண்டும் திறந்தபோது நாம் விரைந்து சென்றோம். செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்த்தோம். இல்லத்தார் வாசற்படியில் நின்று வழியனுப்பினார். பிறகு உள்ளே சென்றார். அதன்பின் நம் வீட்டில் மாறியது சிறிதே. அஸருக்குப் பின் கடைத்தெருவுக்கோ உறவினர் வீட்டுக்கோ அவர் செல்ல விரும்பினால், அடுப்புப் பொறுப்பு நம்முடையது. அந்த நாவல் இப்போது மகளின் அறையில் மறைந்திருக்கவில்லை. கூடத்து அலமாரியில், ‘லுஸூமிய்யா’த்தின் பக்கத்திலேயே நிற்கிறது. நம்மிடம் ஓத வரும் பெண்பிள்ளைகளுள் ஒருத்தி சென்ற ஆண்டு அதைக் கையிலெடுத்து, “ஹஜரத், இதை நான் படிக்கலாமா?” என்று கேட்டாள். பெரியவளானதும் படி என்று சொல்லத் தோன்றியது. பெரியவளானதும்தானே கதவுகள் அடைபடுகின்றன என்பது நினைவுக்கு வந்தது. “உன் அம்மாவும் நீயும் சேர்ந்து படியுங்கள், படித்துவிட்டு வந்து என்னிடம் பேசுங்கள்” என்று கொடுத்தனுப்பினோம்.