போர் முடிந்த நாளும் பெயரற்ற மரித்தோரும்

ஆவடியில் ஆண்டுதோறும் ஆகஸ்டு 15ஆம் நாள் கொடியேற்றப்படுகிறது. அது விடுதலை நாள் என்பதை யாவரும் அறிவர். ஒரு பெரும் போர் முடிந்த நாளும் அதுவே என்பதை நினைப்போர் சிலரே. 1945இல் அந்நாளில்தான் ஜப்பானின் சரணடைவு அறிவிக்கப்பட்டது. தென்கிழக்கு ஆசியாவில் நேசநாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியாயிருந்த மவுண்ட்பேட்டன், அச்சரணடைவின் இரண்டாம் ஆண்டு நிறைவைக் கருதியே இந்திய விடுதலைக்கு அந்நாளைத் தெரிந்துகொண்டதாகப் பின்னர் கூறினார். அப்போர்க்காலத்தில் படைத்தளமாயிருந்து, 1960களிலிருந்து டாங்கிகளைச் செய்துவரும் ஊர் ஆவடி. எனினும் விடுதலை நாளின் வழக்கமான நிகழ்ச்சி முறையில் அப்போரில் மாண்டவர்களுக்கு இடமில்லை.

அவர்களைத் தேடுவோர் பூந்தமல்லியையும் பரங்கிமலையையும் இணைக்கும் சாலையில் நந்தம்பாக்கத்திற்குச் செல்லவேண்டும். 1952இல் அமைக்கப்பட்ட போர்க் கல்லறைத் தோட்டத்தில் 856 பேர் அடக்கம் பண்ணப்பட்டுள்ளனர். முதல் உலகப் போரில் மரித்து, வேறு பல இடங்களில் புதைக்கப்பட்ட ஆயிரத்திற்கும் மேற்பட்டோரின் பெயர்களைத் தாங்கிய நினைவுச்சின்னமும் அங்குண்டு. அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே வகைக் கல். பதவியும் குலமும் சமயமும் பாராது யாவரையும் சமமாக நினைவுகூருவதே இத்தோட்டங்களைப் பேணும் ஆணையத்தின் கொள்கை. இக்கொள்கையின் அழகை மறுப்பதற்கில்லை. ஆனால் முதல் உலகப் போரைப் பொறுத்தமட்டில், இந்தியர், ஆப்பிரிக்கர் முதலியோருள் குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை, அல்லது முற்றிலும் விடப்பட்டனர் என்று அவ்வாணையமே 2021இல் ஒப்புக்கொண்டது. நம் நாட்டுச் சிற்றூர்கள் சிலவற்றில் அப்போருக்கென வைக்கப்பட்ட கல்வெட்டுகளையும் இங்கு நினைக்கலாம். எத்தனை பேர் சென்றனர், எத்தனை பேர் மாண்டனர் என்னும் கணக்கு அவற்றில் உண்டு, பெயர் இல்லை.

நம் சிந்தனைக்குரியது வேறொன்று. ஆணையத்தின் பெருந்தோட்டங்களில் நினைவுக் கல்லின்மேல் பொறிக்கப்படும் வாசகம், மரித்தோரின் பெயர் என்றும் நிலைக்கும் எனப் பொருள்படுவது. சீராக்கின் ஞானநூல் 44ஆம் அதிகாரத்திலிருந்து இதைத் தெரிந்தெடுத்தவர் ருட்யார்டு கிப்ளிங். (1915இல் போர்க்களத்தில் மறைந்த தம் மகனின் உடலைக் கண்டடையாமலேயே அவர் இறந்தார்.) நாம் வழிபாட்டில் வாசிக்கும் வேதாகமத்தில் இந்நூல் இல்லை; ஆதலால் நம்மில் பலருக்கு இவ்வசனம் கல்லின் வழியாக மட்டுமே வந்து சேருகிறது. அதிகாரத்தை முழுமையாக வாசிப்போர் திடுக்கிடுவர். நிலைத்த பெயரைக் குறித்துப் பேசுமுன்னரே, நினைவே இன்றி, பிறவாதவர் போல் அழிந்துபோனோரும் உண்டென்று அதே ஆசிரியர் சொல்லுகிறார். கல் அவ்வசனத்தை விட்டுவிட்டது. இது வெறும் சுருக்கம் அன்று. வேதபகுதியின் துயரத்தை நீக்கி ஆறுதலை மட்டும் எடுத்துக்கொள்ளும் செயல். நம் அடக்க ஆராதனைகளிலும் இப்பழக்கம் இல்லாமலில்லை.

விடப்பட்ட அவ்வசனத்திற்கு உரியவர்கள் தமிழரிடையே ஏராளம். 1942–43இல் ஜப்பானியர் அமைத்த சயாம்–பர்மா இருப்புப் பாதைக்கு மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து வஞ்சித்தும் வற்புறுத்தியும் கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர், வாந்திபேதியாலும் பட்டினியாலும் பல்லாயிரக்கணக்கில் மாண்டனர். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க்கைதிகள் ஏறத்தாழ 7,000 பேருக்குக் கல்லறைத் தோட்டம் உண்டு. தமிழருக்கென அவ்வூரின் பௌத்த மடாலயமொன்றில் நடுகல் எழுப்பப்பட்டதோ 2023இல்தான்.

அந்நடுகல் வரவேற்கத்தக்கது. ஆயினும் ஒரு தயக்கம் எழுகிறது. நடுகல் களத்தில் பொருது வீழ்ந்தவனுக்கு உரியது. அடிமைப்பணியில் நோயுற்று மாண்டவரை வீரர் வரிசையில் வைப்பதால், அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி தியாகமாக உருமாறிவிடாதா? பழந்தமிழரின் பெருமைமிக்க வடிவம் ஒன்று கையில் இருப்பதனாலேயே அது எல்லா மரணத்திற்கும் பொருந்திவிடாது.

இரண்டாம் சாமுவேல் 21இல் ரிஸ்பாள் வேறு வழி காட்டுகிறாள். கொல்லப்பட்ட மக்களுக்கு அவள் கல் நாட்டவில்லை, புகழ்ச்சியும் பாடவில்லை. கன்மலையின்மேல் இரட்டை விரித்து, பறவைகளும் மிருகங்களும் அவ்வுடல்களை அணுகவொட்டாமல் காத்திருந்தாள். அச்செய்தி எட்டிய பின்னரே, அவர்களை ஒப்புக்கொடுத்த அரசன் எலும்புகளைச் சேர்த்து அடக்கம்பண்ணினான். ஆகஸ்டு 15இல் ஸ்தோத்திர ஆராதனை நடத்தும் சபைகள் அவ்வதிகாரத்தை வாசிக்கலாம். மலாயாவிலிருந்து திரும்பியோரின் சந்ததியார் சபையில் இருப்பின், போனவரின் பெயர்களைக் கேட்டு எழுதிவைக்கலாம். அவற்றை அறிந்த முதியோர் இன்னும் சிலர் இருக்கக்கூடும்.