பனிக்கட்டியில் உறைந்த தோலும், பசியில் உலர்ந்த வயிறும்

மூலக்கொத்தளத்தில் அந்தி சாயும் நேரம். துறைமுகத்து வேலையும் பட்டறை வேலையும் முடித்து வீடு திரும்புவோர் காய்கறித் தள்ளுவண்டியைச் சூழ்ந்து நிற்கின்றனர். வாடிய கத்தரிக்காயா, வதங்கிய கீரையா, விலை குறைந்தால் போதும், வாங்கிச் செல்வர். ஏனெனில் வீட்டில் உலை காத்திருக்கிறது. அந்த இடத்தில் நின்றுதான் நாம் ஒரு நிழற்படத்தைப் பார்த்தோம். இளைஞர் ஒருவர் தம் கைப்பேசியில் காட்டிய படம். வெங்காயச் சருகும், காரட்டின் தலையும், கறிவேப்பிலைக் காம்பும், எலுமிச்சைத் தோலும் ஒரு பனிக்கட்டிக்குள் உறைந்து கிடக்கின்றன. பின்புறமிருந்து பாயும் ஒளியில் மாணிக்கமென்றும் மரகதமென்றும் மின்னுகின்றன. "இதுவும் கலையா, அல்லது வயிறு நிறைந்தவர்களின் விளையாட்டா?" என்று கேட்டார் இளைஞர். நேர்மையான கேள்வி! கலை என்றதும் கைகூப்பவும் வேண்டாம், கழிவு என்றதும் மூக்கைப் பிடிக்கவும் வேண்டாம். எண்ணிப் பார்த்து விடை காண்போம்.

எச்சிலை எழிலாக்கும் முயற்சி இன்று நேற்றுத் தோன்றியதல்ல. ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முன் பெர்காமம் நகரத்துச் சோசஸ் என்ற கலைஞன், 'பெருக்கப்படாத தரை' என்ற பெயரில் வண்ணக் கற்களால் ஒரு தளம் அமைத்தான். விருந்து முடிந்த கூடத்தில் சிதறிக் கிடக்கும் மீன்முள், கோழியெலும்பு, நண்டுக்கால், பழக்கொட்டை அனைத்தும் உள்ளது உள்ளபடி பதிக்கப்பட்டன. அதைப் பின்பற்றி உரோமர் செய்த தளமொன்று வாத்திகன் காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. பார்ப்பவர் வியப்பர். நாமும் வியக்கிறோம். ஆனால் வியந்த பிறகு ஒன்று கேட்கிறோம்: பெருக்கப்படாத தரை என்றீர்களே, மறுநாள் அதைப் பெருக்கப்போகும் கை எங்கே? விருந்தினன் எறிந்த எலும்புக்கு அந்தத் தளத்தில் இடமுண்டு. துடைப்பம் ஏந்திய அடிமைக்கு இடமில்லை!

பதினேழாம் நூற்றாண்டின் ஆலந்து ஓவியர்களும் அவ்வழியே நடந்தனர். பாதி உரித்த எலுமிச்சை, கவிழ்ந்த கிண்ணம், பிட்டு வைத்த ரொட்டி, அருகே ஒரு மண்டையோடு. 'எல்லாம் அழியும், இறுமாப்புக் கொள்ளாதே' என்பது அவர்கள் சொன்ன அறம். அழகான அறந்தான். ஆனால், எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் 1613-இல் கெல்திரியாக் கோட்டையை எழுப்பியவர்களும் அந்நாட்டு வணிகர்களே என்பதை நாம் மறப்பதற்கில்லை. உலகக் கடல்களில் ஈட்டிய செல்வம் மேசையில் குவிந்த பிறகு வந்த நிலையாமை அது. மூலக்கொத்தளத்து மக்களுக்கு அதைச் சொல்ல மண்டையோடு வேண்டியதில்லை. இடுகாட்டின் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள் அவர்கள்!

இனி, உறைபனிப் படத்துக்கு வருவோம். இத்துறையில் பெரும்பெயர் பெற்றது, அமெரிக்க நிழற்படக் கலைஞர் இர்விங் பென் 1977-இல் எடுத்த 'உறைந்த உணவுகள்' என்னும் படம். உறைந்து இறுகிய பீன்சையும் பழங்களையும் பொட்டலத்திலிருந்து உரித்தெடுத்து, செங்கல் அடுக்குவதுபோல் அடுக்கி, மேலே வெண்பனி பூத்திருக்கும் நொடியில் படமாக்கினார். தோட்டத்தில் கொடியாகப் படர்ந்தது ஆலையில் கல்லாக இறுகிவிட்டது என்ற உண்மையை அப்படம் சொல்லாமற் சொல்கிறது. அதன் வண்ணமும் கட்டமைப்பும் குறை கூறத்தக்கனவல்ல. ஆயினும் அதே கலைஞர் 1972-இல் எடுத்த வேறு படங்களையே நாம் உயர்வாக மதிக்கிறோம். நியூயார்க் தெருவில் மிதிபட்டுக் கிடந்த சிகரெட்டுத் துண்டுகளைப் பொறுக்கிவந்து, விலையுயர்ந்த பிளாட்டினத் தாளில் பேருருவாக அச்சிட்டார் அவர். 1975-இல் அந்நகரத்து நவீனக் கலைக் காட்சியகத்தில் அவை தொங்கின. கசங்கிய அந்தத் துண்டுகளில் புகைத்தவனின் உதடும், மிதித்தவனின் காலும் தெரிகின்றன. பனிச் செங்கல்லிலோ, விதைத்தவனும் இல்லை, பறித்தவளும் இல்லை. கழிவைக் கலையாக்குவதில் தவறில்லை. கழிவில் படிந்த மனிதத் தடத்தைக் கழுவிவிட்டுக் கலையாக்குவதே தவறு.

இக்கலைக்கு உழைப்பு வேண்டாம் என்று எவரும் எண்ணவேண்டாம். நீர் எல்லாப் பக்கமும் ஒருசேர உறைந்தால், அதிற் கரைந்த காற்று நடுவில் சிக்கி, கட்டி வெளுத்துவிடும். உள்ளிருக்கும் பொருள் மங்கிப்போகும். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் மெல்ல உறையச் செய்தால் கண்ணாடிபோல் தெளியும். மெதுவாக உறையும் காயில் பனிப்படிகங்கள் பெரிதாக வளர்ந்து, அதன் நுண்ணறைகளைக் கிழித்துவிடும். உருகியதும் அது குழைந்து சரியும். ஆகவே படமெடுப்பவருக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. அதிலும் இராயபுரத்துக் கடற்காற்றில், பனிக்கட்டி மேடைக்கு வந்தவுடன் அதன்மேல் ஈரம் படிந்து ஒளியை மறைத்துவிடும். இந்தப் பொறுமையையும் கூர்ந்த கண்ணையும் நாம் பாராட்டுகிறோம்.

பனிக்கட்டிக்கும் சென்னையில் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிப்பாளங்கள் கப்பலேறி இங்கே வந்து, 1842-இல் கடற்கரையில் கட்டப்பட்ட ஐஸ் அவுசில் தங்கின. வெள்ளைத் துரைமார்களின் கோப்பை குளிர்ந்தது. இன்று காசிமேட்டில் பனிக்கட்டியின் கதை வேறு. அங்கே அது அழகுப் பொருளல்ல. உடைத்து, வாரி, மீன்மேல் கொட்டப்படும் உயிர்ப்பொருள். பனிக்கட்டி தீர்ந்தால் மீன் கெடும், மீன் கெட்டால் அடுப்பு அணையும். பனியைச் சுமந்து விறைத்த தோளுக்குரியவன், வெங்காயச் சருகைப் பனியில் பதித்த படத்தைப் பார்த்தால் என்ன நினைப்பான்? கலைஞன் இக்கேள்வியைத் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டாமா?

கழிவு என்பதுதான் எது? ஏழை வீட்டில் பீர்க்கந்தோல் துவையலாகிறது, மீன்தலை குழம்பாகிறது, எஞ்சிய சோறு நீரில் ஊறி மறுநாள் காலை உணவாகிறது. ஒருவன் இழிந்ததென்று ஒதுக்கிய ஆட்டுக்குடல், இன்னொருவன் வீட்டில் போட்டிக் கறியாக மணக்கிறது. எது எச்சில், எவன் எச்சிலை எவன் தொடுவது என்றெல்லாம் சட்டம் வகுத்த சமுதாயம் இது. எனவே இங்கே சமையற் கழிவு வெறும் தோலும் காம்புமல்ல. மேலோர் கீழோர் என்ற பிரிவின் சான்று அது! உலகக் கணக்கும் இதையொத்ததே. 2022-ஆம் ஆண்டில் 105 கோடி டன் உணவு வீணாயிற்று என்றும், அதில் பத்தில் ஆறு பங்கு வீடுகளிலேயே வீணாயிற்று என்றும் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-இல் அறிவித்தது. சென்னை வீடுகள் கழித்ததில் பெரும்பகுதியைப் பல்லாண்டுகளாகத் தன் தலையில் தாங்கியது வடசென்னையின் கொடுங்கையூர். படம் எடுப்பவர் கண்ணுக்கு வண்ணம், குப்பைமேட்டின் அருகே வாழ்பவர் மூக்குக்கு நாற்றம்!

துடைப்பம் ஏந்திய கை எங்கே என்று பெர்காமத்தைப் பார்த்துக் கேட்டோம். அக்கேள்விக்கு விடையளிக்கும் நிழற்படக் கலைஞர் நம்மிடையே இருக்கிறார். மீன் விற்ற தாயின் மகனாக மதுரைப் பக்கத்தில் பிறந்த ம.பழனிக்குமார், 2017-இல் வெளிவந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தில் ஒளிப்பதிவு செய்தார். துப்புரவுத் தொழிலாளர், மீனவர் வாழ்வைப் படமெடுத்து, 2022-இல் தயாநிதா சிங் பெயரிலான ஆவண நிழற்பட விருதைப் பெற்றார். உழைப்பவர் வீட்டுப் பிள்ளைகளின் கையிலும் கேமராவைக் கொடுத்துப் பயிற்றுவித்தார். கழிவை மட்டும் காட்டாமல், அதை அள்ளும் மனிதரைக் காட்டியது அவர் கண். கலை வளரவேண்டிய திசை அதுவே என்கிறோம்.

ஆகவே, கேள்வி கேட்ட இளைஞருக்கு நம் விடை இது. உம் தாயின் அடுப்படியில் கிடக்கும் தோலையும் காம்பையும் உறையவைத்துப் படமெடுக்கலாம், தம்பி. தடையில்லை. எழிலைக் காணும் உரிமை மாளிகைக்கு மட்டும் எழுதிவைத்த சொத்தன்று, மூலக்கொத்தளத்துக்கும் உண்டு. ஆனால் அந்தப் பனிக்கட்டியின் பக்கத்தில், காய் நறுக்கித் தழும்பேறிய உம் தாயின் விரலும் இருக்கட்டும். விடியற்காலையில் உங்கள் தெருக் குப்பையை அள்ளிச் செல்லும் அம்மையாரின் கையும் இருக்கட்டும். விளக்கை அணைத்ததும் பனி உருகிவிடும், தோல் குழைந்துவிடும். அக்கைகள் மட்டும் மறுநாளும் வேலைக்கு வரும். உருகாத அவற்றைக் காட்டும் படமே நமக்கு வேண்டிய படம்.