முதல்நூல் இல்லாத வழிநூல்: டக்ளஸ் ஆடம்ஸின் அறிபுனை நகைக்கதையும் 2005ஆம் ஆண்டுத் திரைப்படத்திற்கு எழுந்த மறுப்பும்

புகழ்பெற்ற நூலொன்று திரைப்படமாகும்போது அந்நூலின் வாசகர் எழுப்பும் மறுப்புகளைத் திறனாய்வாளர் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. ‘நூலில் உள்ளது படத்தில் இல்லை’ என்பது பழகிப்போன முறையீடு. ஊடகம் மாறினால் வடிவமும் மாறும் என்பது அதே அளவு பழகிப்போன விடை. இவ்விரண்டிற்கும் இடையே, ரசிகர் உண்மையில் எதை இழந்தனர் என்னும் வினா கேட்கப்படாமலே போய்விடுகிறது. ஆங்கில எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸின் (1952–2001) ‘தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைட் டு தி கேலக்சி’ 2005இல் திரைப்படமாக வெளிவந்தபோது எழுந்த எதிர்வினைகள் இவ்வினாவை ஆராய்வதற்குத் தக்க களமாகும். இப்படைப்பில் மூலம் என ஒன்றைச் சுட்டுவதே அரிது என்பது அதற்குக் காரணம்.

வடிவங்கள் பல

பேரண்டத்தில் வழியில் வரும் ஊர்திகளை நிறுத்தி ஏறிச் செல்வோருக்கான கையேடு என்று தலைப்பிற்குப் பொருள் கூறலாம். ஆர்தர் டெண்ட் என்னும் ஆங்கிலேயரின் வீட்டைப் புறவழிச்சாலைக்காக இடிப்பதற்கு உள்ளாட்சி அலுவலர் வருகிறார். அதே நாளில், விண்வெளிப் புறவழிச்சாலைக்காக வோகன் என்னும் வேற்றுக்கோள் இனத்தார் பூமியையே தகர்த்துவிடுகின்றனர். ஆர்தரின் நண்பனாகிய ஃபோர்ட் பிரிஃபெக்ட் வேற்றுக்கோளினன். மேற்குறித்த கையேட்டிற்குச் செய்தி திரட்ட வந்தவன். அவனால் ஆர்தர் உயிர் தப்புகிறார். பின்னர் இரண்டு தலைகள் கொண்ட பேரண்டத் தலைவன் சேஃபோட், பூமியிலிருந்து முன்னரே அவனுடன் சென்றுவிட்ட டிரிலியன், தீராத மனச்சோர்வுடைய மார்வின் என்னும் எந்திரன் ஆகியோருடன் அவர் பயணம் தொடர்கிறது.

இக்கதை முதன்முதலில் நூலாக எழுதப்படவில்லை. பி.பி.சி. வானொலி நான்கில் 1978 மார்ச்சு 8 அன்று நாடகத் தொடராக ஒலிபரப்பாகத் தொடங்கியது. புதினம் 1979இல் வெளிவந்தது. தொடர்ந்து மேடை நாடகம், இசைத்தட்டு, 1981இல் ஆறு பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடர், 1984இல் கணினி விளையாட்டு எனப் பல வடிவங்களை அது எடுத்தது. புதினமும் 1992க்குள் ஐந்து நூல்களாக விரிந்தது. இவற்றுள் ஒன்றின் கதைப்போக்கு மற்றொன்றுடன் பொருந்துவதில்லை. இம்முரண்பாட்டை ஆடம்ஸ் மறைத்ததுமில்லை. தொகுப்பு நூலுக்கு எழுதிய முன்னுரையில் அதனையே நகைப்பொருளாக்கியிருக்கிறார்.

வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகைப்படுத்தும் தமிழ் இலக்கண மரபு இங்கு நினைக்கத்தக்கது. பின்னவன் தான் வேண்டும் வேறுபாடுகளைச் செய்யலாம், ஆயின் முதல்நூலின் முடிபோடு ஒத்துச் செல்லவேண்டும் என்பது அம்மரபின் கோட்பாடு. ஆடம்ஸின் படைப்பிலோ முதல்நூல் ஆசிரியரே வழிநூல் ஆசிரியராகவும் நின்று, ஒவ்வொரு முறையும் முடிபை மாற்றிவிடுகிறார். எனவே ‘கதையை மாற்றிவிட்டனர்’ என்னும் குற்றச்சாட்டு இப்படைப்பைப் பொறுத்தவரை வலுவிழந்துவிடுகிறது. ரசிகரும் இதை அறியாதவர் அல்லர்.

படமும் வரவேற்பும்

திரைப்பட முயற்சி இருபது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. 1980களின் தொடக்கத்தில் ஐவன் ரைட்மன் முதலியோருடன் ஏற்பட்ட உடன்பாடு பயனின்றிப் போயிற்று. 1990களின் இறுதியில் டிஸ்னி நிறுவனத்துடன் ஒப்பந்தம் உருவான பின்னர் ஆடம்ஸ் கலிபோர்னியாவில் குடியேறினார். 2001 மே 11 அன்று, தமது 49ஆம் வயதில், படம் தொடங்கும் முன்னரே காலமானார். அவருடைய திரைக்கதை வரைவைக் கேரி கர்க்பாட்ரிக் திருத்தி முடித்தார். கார்த் ஜென்னிங்ஸ் இயக்கினார். ஆர்தராக மார்ட்டின் ஃபிரீமன், ஃபோர்டாக மோஸ் டெஃப், டிரிலியனாக சூயி டெஷனல், சேஃபோடாக சாம் ராக்வெல் ஆகியோர் நடித்தனர். 2005 ஏப்ரல் இறுதியில் வெளிவந்த படம் அமெரிக்காவில் முதல் வார இறுதி வசூலில் முதலிடம் பெற்றது. ஆகவே படம் வணிகத்தில் வீழ்ந்ததால் எழுந்த மனக்குறை என்று ரசிகரின் மறுப்பை ஒதுக்கிவிட இயலாது.

மறுப்பின் தலையாய குரல் எம். ஜே. சிம்ப்சனுடையது. ஆடம்ஸின் வாழ்க்கை வரலாற்றை 2003இல் வெளியிட்டவர் அவர். இப்படைப்பின் வடிவங்களையெல்லாம் நுணுகிக் கற்றவர். படம் வெளியாகும் முன்னரே அவர் எழுதிய நெடிய விமரிசனம் ரசிகரிடையே பெருங்கலக்கத்தை உண்டாக்கியது. நகைச்சுவைகள் நீக்கப்பட்டன என்பதைக் காட்டிலும், அவை பாதியில் முறிக்கப்பட்டன என்பதே அவருடைய முறையீட்டின் சாரம். தொடக்கம் படத்தில் இருக்கிறது, முடிப்பு இல்லை. சிம்ப்சனின் தொனி கடுமையானது. சில இடங்களில் பட்டியலிடும் வெறியாகவே மாறிவிடுகிறது. எனினும் அவர் தொட்டது சரியான நரம்பு.

எதிர்த்தரப்பின் விடையும் குறிப்பிடத்தக்கது. படத்தில் புதியனவாகத் தோன்றும் கூறுகளான ஹும்மா கவூலா என்னும் சமயத் தலைவர், சுடப்பட்டவரைச் சுட்டவரின் கண்கொண்டு உலகைக் காணச் செய்யும் நோக்குநிலைத் துப்பாக்கி, வோகன்களின் கோளில் சிந்திப்பவரின் முகத்தில் நிலத்திலிருந்து எழுந்து அறையும் தட்டைகள் ஆகியன ஆடம்ஸே திரைப்படத்திற்கென எழுதியவை என்று, அவருடைய நண்பரும் படத்தின் நிர்வாகத் தயாரிப்பாளருமான ராபி ஸ்டாம்ப் தெளிவுபடுத்தினார். ஹாலிவுட்டின் செருகல் என ஐயுறப்பட்டவை ஆசிரியரின் கையிலிருந்தே வந்தவை. ஆசிரியரின் பெயரால் ஆசிரியரை மறுத்த இந்நிலை நகைப்பிற்குரியதாகத் தோன்றலாம். ஆனால் இவ்விடை வந்த பின்னரும் மறுப்பு ஓயவில்லை என்பதே ஆய்வுக்குரியது. யார் எழுதியது என்பதில் அடங்காத ஏதோ ஒன்றை ரசிகர் தேடினர்.

வாக்கியத்தில் உறையும் நகை

அது எதுவென அறிய ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளலாம். வீட்டை இடிக்க வந்த அலுவலருக்கும் ஆர்தருக்கும் நிகழும் வாக்குவாதம் வானொலியிலும் புதினத்திலும் படிப்படியாக இறங்கும் அமைப்புடையது. திட்ட வரைபடம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்ததே என்கிறார் அலுவலர். அதனைக் காண ஆர்தர் நிலவறைக்குச் செல்ல வேண்டியிருந்தது. அங்கு விளக்கில்லை; படிக்கட்டுமில்லை. வரைபடமோ பயன்படாத கழிப்பறையில் பூட்டிய பெட்டகத்திற்குள் கிடந்தது. அந்தக் கதவில், உள்ளே சிறுத்தை இருப்பதாக எச்சரிக்கை ஒட்டப்பட்டிருந்தது. ஒவ்வொரு விடையும் அலுவலகச் சொல்லாட்சியை ஒருபடி கீழே தள்ளுகிறது. சிறுத்தை வரும்வரை கேட்பவர் சிரிப்பை அடக்கிக் காத்திருக்க வேண்டும். படத்தில் இவ்வுரையாடல் தொடக்கத்திலேயே முறிந்துவிடுகிறது. சிறுத்தை வருவதில்லை.

இழப்பு ஒரு நகைத்துணுக்கோடு நிற்கவில்லை. பூமியைத் தகர்க்க வந்த வோகன்கள், இதற்கான திட்டம் ஆல்ஃபா சென்டாரியில் உள்ள அலுவலகத்தில் 50 ஆண்டுகளாகப் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது என அறிவிக்கின்றனர். வீட்டிற்கு நேர்ந்ததே உலகிற்கும் நேர்கிறது. நிலவறைக் கழிப்பறையும் ஆல்ஃபா சென்டாரியும் ஒன்றையொன்று சுட்டி நிற்கின்றன. படம் பின்னதை வைத்துக்கொண்டு முன்னதைக் குறைத்துவிட்டதால், எதிரொலி இருக்கிறது, ஒலியில்லை. தொகுத்தல் வழிநூலின் இயல்பே. ஆயின் ஒன்றையொன்று தாங்கும் இரண்டு உறுப்புகளில் ஒன்றை நீக்குவது தொகுத்தல் ஆகாது.

நகை தோன்றும் நிலைக்களன்களாகத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினைக் கூறுகிறது. ஆடம்ஸின் நகையில் மேலோங்கி நிற்பது எள்ளல். அதுவும் பாத்திரங்கள் ஒருவரையொருவர் எள்ளுவதன்று. கதைக்குள் இருக்கும் கையேட்டின் குரல் அலுவலகம், சமயம், தத்துவம், மனித இனம் ஆகிய அனைத்தையும் பதற்றமின்றி எள்ளுவது. அக்குரல் நீண்ட வாக்கியங்களில் இயங்குகிறது. துணைக்கூறு ஒன்றில் திசைமாறி, இறுதிச் சொல்லில் கவிழ்கிறது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அதற்கு உயிர் கொடுத்தவர் பீட்டர் ஜோன்ஸ். அவர் 2000இல் மறைந்தார். படத்தில் ஸ்டீஃபன் ஃபிரை பேசுகிறார். ஃபிரையின் குரலில் குறையொன்றுமில்லை. அவருக்கு ஒதுக்கப்பட்ட நேரமே குறைவு. கையேடு பின்னணிக்குச் செல்லச் செல்ல ஓட்டம், தடுக்கி விழுதல், திகைத்து விழித்தல் ஆகியன முன்னணிக்கு வருகின்றன. எள்ளலின் இடத்தைப் பேதைமை பெறுகிறது.

இதற்கு மாறான சான்றுகளும் படத்தில் உள்ளன. அவற்றைப் பெரும்பாலான ரசிகர் மனமுவந்து ஏற்றனர் என்பதும் நோக்கத்தக்கது. வானில் திடீரெனத் தோன்றி விழும் திமிங்கிலத்தின் தனிமொழி ஏறக்குறைய முழுமையாக இடம்பெறுகிறது. அது தன்னையும் உலகையும் அறிந்துகொள்ளத் தொடங்கும் நேரமும் தரையை அடையும் நேரமும் ஒன்றாகின்றன. ஜிம் ஹென்சன் கூடத்தார் வடித்த வோகன் உருவங்களும், கோள்களைச் செய்து விற்கும் மக்ரதியாவின் பணிக்களக் காட்சியும் பாராட்டுப் பெற்றன. முகத்தில் அறையும் தட்டைகள் சொல்லால் ஆகாததைக் காட்சியால் ஆக்கியவை. பிறர் வகுத்ததை ஆராயாது பற்றி நிற்பதை மடன் என்பர் உரையாசிரியர். வோகன்களின் மடன் எங்ஙனம் உருவானது என்பதற்கு ஒரு சொல்லுமின்றி அக்காட்சி விளக்கம் தருகிறது. படம் வெற்றி பெறும் இடங்கள் இரண்டு வகையின: சொல் முழுமையாக நின்ற இடம், சொல்லை முழுமையாகக் கைவிட்டுக் காட்சி நகையைப் படைத்த இடம். இடைப்பட்ட அரைகுறையே மறுப்பிற்கு இலக்காயிற்று.

சேஃபோடின் இரண்டாம் தலை இதற்கு வேறொரு கோணத்தில் சான்றாகிறது. வானொலியில் அது போகிறபோக்கில் சொல்லப்பட்ட ஒரு செய்தி. கேட்பவர் மனத்தில் எளிதாக முளைத்துக்கொண்டது. தொலைக்காட்சி அதற்கு இயந்திரத் தலை செய்து அல்லற்பட்டது. திரைப்படமோ அதனைக் கழுத்திற்குக் கீழே மறைத்து வைத்து, வேண்டும்போது மேலெழச் செய்தது. ரசிகர் இதனைக் குறைகூறினர். ஆனால் அவர்கள் ஒப்பிட்டது வேறெந்த உருவத்தோடும் அன்று, உருவமே இல்லாத ஒரு வாக்கியத்தோடு. எந்த இயக்குநரும் அதில் வென்றிருக்க இயலாது.

விடை நிரப்பப்பட்ட வினா

மேற்கூறியவை அனைத்தும் நடை பற்றியன. பொருளைத் தொடும் மாற்றம் ஒன்றும் உண்டு. அதனை ரசிகர் உணர்ந்த அளவிற்குத் திறனாய்வாளர் உணர்ந்ததாகத் தெரியவில்லை. வாழ்வு, பேரண்டம், மற்றெல்லாம் பற்றிய இறுதி வினாவிற்கு மாபெரும் கணினி 75 இலட்சம் ஆண்டுகள் சிந்தித்து 42 என விடை தருகிறது. விடை கிடைத்த பின்னரே வினா என்னவென்று ஒருவருக்கும் தெரியாது என்பது புலப்படுகிறது. அவ்வினாவைக் கண்டறியவே பூமி என்னும் கணினி படைக்கப்பட்டது. கணிப்பு முடிய ஐந்து நிமிடங்களே இருக்கையில் அது சாலைக்காக இடிக்கப்பட்டது. இக்கதையின் நகையும் துயரமும் அந்த வெற்றிடத்தின்மேல் நிற்கின்றன.

திரைப்படம் அவ்விடத்தை நிரப்பிவிடுகிறது. வானொலியிலும் முதல் புதினத்திலும் ஆர்தரும் டிரிலியனும் ஒரு விருந்தில் முன்னரே சந்தித்திருந்தது தற்செயல் ஒருமிப்பைப் பற்றிய வேடிக்கை மட்டுமே. படத்தில் அது காதலாகிக் கதையின் முதுகெலும்பாகிறது. இறுதி வினாவைத் தேடி அவரது மூளையைக் கோரும் எலிகளிடம் ஆர்தர், தாம் விடையறிய விரும்பிய ஒரே வினா இவள்தான் எனக்குரியவளா என்பது, அதன் விடை 42 அன்று, ஆம் என்பதே எனக் கூறுகிறார். படம் இதனை உணர்ச்சி மிக்க உச்சமாக அமைக்கிறது. பொருளற்ற பேரண்டத்தில் காதலே பொருள் என்பது எத்தனையோ படங்கள் கூறிய விடை; எவரும் விடை கூறாததாலேயே இப்படைப்பு நினைவில் நின்றது. தொடர்ந்து பூமியும் மீட்டுருவாக்கப்படுகிறது. ஆர்தரின் வீடும் திரும்பக் கிடைக்கிறது. அவர் அதனை விட்டுப் பயணத்தைத் தேர்ந்தெடுக்கிறார் என்பது உண்மையே. ஆயினும் திரும்ப இடமிருந்தும் செல்பவர் வேறு, திரும்ப இடமில்லாமல் அலைபவர் வேறு.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். நான்காம் புதினத்தில் (1984) ஆடம்ஸே பூமியை மீட்டார். ஆர்தருக்குக் காதலியையும் தந்தார். ஆனால் 1992இல் வந்த ஐந்தாம் நூலில் காதலி மறைகிறாள்; பூமி இம்முறை எல்லா வடிவங்களிலும் அழிக்கப்படுகிறது. அம்முடிவின் இருளை வாசகர் பலர் விரும்பவில்லை. ஆடம்ஸும் பின்னாளில் அதுபற்றி மனநிறைவின்றியே பேசினார். எனவே ரசிகர் இன்ப முடிவை வெறுத்தனர் எனக் கொள்ள இயலாது. திரைப்படம் திரையரங்குகளில் ஓடிக்கொண்டிருந்த அதே 2005 மே, சூன் திங்கள்களில் பி.பி.சி. வானொலி இறுதி நூலை டெர்க் மேக்சின் இயக்கத்தில் ஒலிபரப்பியது. ஆர்தராக சைமன் ஜோன்ஸ், ஃபோர்டாக ஜெஃப்ரி மெக்கிவர்ன், மார்வினாக ஸ்டீஃபன் மூர் என 1978ஆம் ஆண்டின் நடிகர் பலர் அதில் பேசினர். காலமான பீட்டர் ஜோன்ஸின் இடத்தில் வில்லியம் ஃபிராங்க்ளின் கையேட்டின் குரலானார். அவ்வொலிபரப்பு நூலின் இருண்ட முடிவை மாற்றி இன்ப முடிவாக்கியது. திரைப்படத்திற்கு எழுந்ததைப் போன்ற எதிர்ப்பு அதற்கு எழவில்லை. கையேடு அங்கு முன்போலவே தன் நீண்ட வாக்கியங்களை இறுதிவரை பேசி முடித்தது.