பட்டியலாளரின் அறம்

ஒரு நூலை எந்தப் பெயரில், எந்தப் பொருள் தலைப்பில், எந்தப் பகுப்பெண்ணில் பதிவது என்று பட்டியலாளர் எடுக்கும் முடிவு வாசகர் கண்ணில் படுவதில்லை. ஆனால் அந்த நூல் வாசகர் கையை எட்டுமா என்பது அந்த முடிவைப் பொறுத்தது. ஆகவே பட்டியலாக்கம் தொழில்நுட்பம் மட்டுமன்று, அறப்பணியும் ஆகும்.

இப்பணியில் முதலில் எழுந்த மரபு விதியைப் போற்றியது. பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்துக்காக 1841இல் நூலகர் பனிட்ஸியின் குழுவினர் வெளியிட்ட 91 விதிகள், யார் பதிந்தாலும் பதிவு ஒரே சீராக அமைய வழிசெய்தன.

அடுத்த மரபு வாசகரை நடுவில் நிறுத்தியது. ஆசிரியரோ தலைப்போ பொருளோ, ஏதேனும் ஒன்றை மட்டும் அறிந்தவருக்கும் நூல் கிடைக்க வேண்டும் என்றார் அமெரிக்க நூலகர் சார்லஸ் கட்டர் (1876). சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய எஸ்.ஆர். ரங்கநாதன், 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் வாசகரின் நேரத்தைக் காப்பதையும் நூலகக் கடமையாக்கினார்.

மூன்றாவது மரபு நீதி கேட்டது. நூல்களைத் துறைவாரியாக எண்ணிட்டு வகுக்கும் டூயி பகுப்பு முறையின் சமயப் பிரிவில் பெரும்பகுதி கிறித்தவத்துக்கே போனது. பிற சமயங்கள் 290 என்ற எண்ணுக்குள் நெருக்கப்பட்டன. கறுப்பின எழுத்தாளர்களின் நூல்கள், கவிதையானாலும், அடிமைமுறைக்குரிய 326இலோ குடியேற்றத்துக்குரிய 325இலோ வைக்கப்பட்டன. ஹோவர்ட் பல்கலைக்கழக நூலகர் டோரதி போர்ட்டர் இதை ஏற்க மறுத்து, அந்நூல்களை அவற்றுக்குரிய துறைகளில் சேர்த்தார். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொருள் தலைப்புகளில் படிந்திருந்த தப்பெண்ணங்களை நூலகர் சான்ஃபோர்ட் பெர்மன் 1971இல் நூலாகவே எழுதி அம்பலப்படுத்தினார். குடியேறிகளைச் 'சட்டவிரோத அந்நியர்' எனக் குறித்த தலைப்பை அந்நூலகம் 2021இல்தான் கைவிட்டது.

நான்காவது மரபு, விவரிக்கப்படும் மக்களுக்கே உரிமை தருவது. மோஹாக் இனத்தவரான நூலகர் பிரையன் டீர், 1970களில் கனடாவின் பூர்வகுடிகளின் பார்வையிலிருந்தே ஒரு பகுப்பு முறையை வகுத்தார்.

அமெரிக்கா, பிரிட்டன், கனடா நாடுகளின் பட்டியலாளர்கள் 2021இல் வெளியிட்ட அறநெறித் தொகுப்பில் இந்த மரபுகள் ஒன்றுகூடுகின்றன. தம் சார்புகளை ஒப்புக்கொள்ளவும், பதியப்படும் ஆசிரியர்களின் தனியுரிமையை மதிக்கவும் அது பட்டியலாளர்களைப் பணிக்கிறது.

தமிழ் நூல்களைப் பதியும் நமக்கும் இதில் கடமை உண்டு. தமிழர் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரைக் குடும்பப் பெயராக்கும் படிவத்தை அப்படியே நிரப்பினால், ஆசிரியர் தம் பெயரையே இழக்கிறார். தேடும் வாசகருக்கும் நூல் கிடைப்பதில்லை. விதி தெரிந்தால் போதாது. அது யாரை மறைக்கிறது என்றும் கேளுங்கள். தவறான தலைப்பைத் திருத்துங்கள். பழைய தலைப்பில் தேடுவோரையும் புதியதற்கு வழிப்படுத்துங்கள்.