குழியில் இறங்கிய காமிரா

ஆரணியின் தறிக்கூடம் ஒன்றில் நுழைவோம். கால்களைக் குழிக்குள் விட்டு, தரையை ஒட்டி அமர்ந்து பட்டு நெய்கிறார் நெசவாளர். கூலி பேச வந்த முதலாளி எதிரே நிற்கிறார். நிற்பவர் குனிந்து பார்க்கிறார். உழைப்பவர் அண்ணாந்து பார்க்கிறார். யார் பெரியவர், யார் சிறியவர் என்று அந்தப் பார்வையே தீர்ப்பு எழுதிவிடுகிறதன்றோ?

திரையிலே காமிரா செய்வதும் இதுவே! முதலாளியின் கண்ணுயரத்தில் அதை நிறுத்துங்கள்: நெசவாளர் இரங்கத்தக்க எளியவராகிறார். தறியின் மட்டத்திற்கு இறக்குங்கள்: நாடா எறியும் கரம் திரையை நிறைக்கிறது, நம் கண்ணுக்கு நேராக ஒரு கலைஞர்! உரையாடலில் ஓர் எழுத்தும் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது.

1941இல் வெளியான 'சிட்டிசன் கேன்' படத்தை ஆர்சன் வெல்ஸ் எடுத்தபோது, ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டின் காமிராவை இறக்குவதற்காக அரங்கின் தரையையே வெட்டினார்கள். மேலே மஸ்லின் துணியைக் கூரையாகக் கட்டினார்கள். தேர்தலில் தோற்ற கேன், அந்தப் பள்ளத்திலிருந்து பார்க்கையில் மலையெனத் தெரிகிறான். ஆனால் கூரை அவன் தலையை அழுத்துகிறது! கீழிருந்து காட்டினாலே பெருமை என்று வாய்பாடு ஒப்பிப்போர் இதை எண்ணிப் பார்க்கட்டும். கோணம் தனித்துப் பேசுவதில்லை. சூழலோடு சேர்ந்தே பேசுகிறது.

நம் நிலை என்ன? 1952இல் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கிய 'பராசக்தி'யின் நீதிமன்ற உரையாடலை, கலைஞர் தீட்டிய அந்த அனல் வரிகளை, மனப்பாடம் செய்தோம். அங்கே காமிரா எங்கு நின்றது என்று எத்தனை பேர் கேட்டோம்? செவிக்கு விருந்து வைத்தோம். கண்ணைப் பட்டினி போட்டோம்!

2007ஆம் ஆண்டுக்கான தேசிய விருதில் சிறந்த படமாகத் தேர்வான பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' காண்க. மகளின் மணத்திற்குப் பட்டுச்சேலை நெய்ய விரும்பிய நெசவாளன் வேங்கடம், பட்டிழையை வாயில் மறைத்துக் கடத்துகிறான். முதலாளியின் உயரத்திலிருந்து நோக்கினால் அவன் திருடன். தறிக்குழியிலிருந்து நோக்கினால், தான் நெய்த பட்டைத் தன் மகளுக்கு உடுத்த முடியாத தந்தை!

தோழர்களே! பக்திப் படம் தெய்வத்தைக் கீழிருந்து காட்டும்போது, நம் கழுத்தும் நம்மை அறியாமலே பக்தனின் கழுத்தாகிறது. சொல்லை ஆராயக் கற்ற நாம் கோணத்தையும் ஆராய்வோம். இனித் திரையரங்கில் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்தக் காமிரா யார் பக்கம் நிற்கிறது?